நர்ஸ் படிப்பு: போட்ட பணம் திரும்பி வருமா?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரக் குடும்பங்களுக்கு ஒரு வரவு - செலவுக் கணக்கு

- நமது நிருபர் -

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் போதும். அமரவிளை முதல் களியக்காவிளை வரை, சாலையோரத்து மின்கம்பங்களில் வெள்ளைச் சட்டை அணிந்த பெண்ணின் படம் தொங்கத் தொடங்கிவிடும். "பி.எஸ்ஸி. நர்சிங் - சேர்க்கை நடைபெறுகிறது - வேலை உறுதி - கடன் வசதி உண்டு" என்று கீழே கொட்டை எழுத்தில் இருக்கும். அதற்கும் கீழே ஒரு கைபேசி எண். கல்லூரியின் பெயர் சில அட்டைகளில் இருக்கும். பல அட்டைகளில் இராது.

இந்தப் படத்தைப் பார்த்துக் கொண்டே காலை பஸ்ஸில் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிற தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கொத்தனார், சித்தாள், சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர், ஜவுளிக் கடைச் சிப்பந்தி, தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர் என்று பலதரப்பட்டவர்கள். அவர்களில் பெண் குழந்தை வைத்திருக்கும் ஒவ்வொரு தகப்பனின் மனத்திலும் ஒரே கேள்விதான்: "பிள்ளையை நர்சுக்குப் படிக்க வைத்தால் கரையேறுமா? அல்லது இருக்கிற ஐந்து சென்ட் பூமியும் பண்டமும் போய்விடுமா?"

இந்தக் கேள்விக்கு ஆசையினாலோ பயத்தினாலோ பதில் சொல்லக் கூடாது. காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கிறோம்.

மண்ணுக்குப் புதிதல்ல

நர்ஸ் வேலை இந்த எல்லைப் பகுதிக்கு நேற்று வந்ததல்ல. லண்டன் மிஷன் சங்கத்தார் 1838-இல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். அப்போது நெய்யூரும் நெய்யாற்றின்கரையும் ஒரே திருவிதாங்கூர். 1922, 1924 ஆண்டுகளில் எவரெஸ்ட் சிகரம் ஏறச் சென்ற ஆங்கிலக் குழுக்களில் இடம் பெற்ற டாக்டர் சாமர்வெல், நெய்யூரில் பல்லாண்டுகள் அறுவை வைத்தியம் செய்தார். இன்று காரக்கோணத்தில் இருக்கும் சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு விழுந்தது நிலத்தில்தான், உறவில் விழவில்லை. அக்காள் இஞ்சிவிளையில், தங்கை களியக்காவிளையில் என்று வாழ்கிற குடும்பங்கள் இன்றும் உண்டு. ஆனால் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகும்போது அந்தக் கோடு தெரியும். அதைப் பின்னால் சொல்வோம்.

ஒரு காலத்தில் பெண்ணை நர்ஸ் வேலைக்கு அனுப்பக் கூசிய குடும்பங்களும் இங்கே இருந்தன. இராத்திரி வேலை, அன்னியரைத் தொட்டுப் பணிவிடை என்று முகம் சுளித்தார்கள். 1960-களில் கேரளப் பெண்கள் மேற்கு ஜெர்மனிக்குப் போனார்கள். 1973-இல் எண்ணெய் விலை ஏறியபின் வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஓட்டு வீடு மாறிக் காங்கிரீட் வீடு எழும்பியதும், சுளித்த முகங்கள் மலர்ந்தன. இப்போது நிலைமை தலைகீழ். "நர்சு படித்தால் மாப்பிள்ளை தானாக வருவான்" என்று பெண்ணின் சம்மதத்தைக்கூடக் கேட்காமல் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு.

செலவுக் கணக்கு

பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்பு. இந்தியாவில் இந்தப் பட்டப்படிப்பு 1946-இல் டில்லியிலும் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கியது. பிளஸ் டூ வகுப்பில் பௌதிகம், இரசாயனம், உயிரியல் படித்திருக்க வேண்டும்.

செலவு எவ்வளவு என்பது எந்த வாசல் வழியாக உள்ளே போகிறோம் என்பதைப் பொறுத்தது. வாசல் மூன்று.

முதல் வாசல், அரசுக் கல்லூரி. இங்கே கட்டணம் மிகக் குறைவு. போட்டி மிக அதிகம். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியை ஒட்டிய அரசு நர்சிங் கல்லூரி இந்த வகை. அரசு சார்புடைய சிமெட் நிறுவனத்தின் கல்லூரி ஒன்று நெய்யாற்றின்கரையிலும் தொடங்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது வாசல், தனியார் கல்லூரியில் மெரிட் இடம். கேரளத்தில் தனியார் நர்சிங் கல்லூரிகளின் இடங்களில் பாதியை அரசே மதிப்பெண் அடிப்படையில் நிரப்புகிறது. எல்.பி.எஸ். மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அரசு நிர்ணயிக்கும் கட்டணம்தான் வாங்கலாம். ஏஜெண்டின் அட்டையில் இந்த வாசலைப் பற்றி ஒரு வரியும் இராது. காரணம் வெளிப்படை: இதில் அவருக்குக் கமிஷன் கிடையாது.

மூன்றாவது வாசல், மானேஜ்மெண்ட் இடம். அல்லது பெங்களூர், மங்களூர் பக்கம் ஏஜெண்ட் காட்டும் கல்லூரி. கல்விக் கட்டணம் ஒரு தொகை. அதோடு விடுதி, சாப்பாடு, சீருடை, புத்தகம், தேர்வுக் கட்டணம், ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போய்வரும் பஸ் கட்டணம் என்று வால் நீண்டுகொண்டே போகும். முதல் நாள் சொன்ன தொகை ஒன்று, நான்காம் ஆண்டு முடிவில் கட்டியது வேறொன்று என்று தலையில் கை வைத்தவர்கள் பலர்.

இரண்டு குடும்பங்களை உதாரணத்துக்கு வைத்துக் கொள்வோம். இந்தத் தொகைகள் கணக்குப் புரிவதற்காக நாம் எடுத்துக் கொண்டவை. உங்கள் தொகையை அதே இடத்தில் போட்டுப் பார்க்கலாம்.

முதல் குடும்பத்துக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்து ரூ. 4 லட்சம் ஆகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் பாங்கியில் கல்விக் கடன். வட்டி நூற்றுக்கு ஆண்டுக்குப் பத்து என்று கொள்வோம். படிப்பு நான்கு ஆண்டு, அதற்குமேல் ஓர் ஆண்டு தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி தூங்காது. முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி ரூ. 50,000, அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, கடைசி லட்சத்துக்கு 20,000. ஆக ரூ. 1,40,000. வேலைக்குப் போய் முதல் தவணை கட்டும் நாளில் கடன் நான்கு லட்சமல்ல, ரூ. 5,40,000. இதைப் பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் ரூ. 7,140 கட்ட வேண்டும்.

இரண்டாவது குடும்பத்துக்கு மானேஜ்மெண்ட் இடத்தில் மொத்தம் ரூ. 8 லட்சம். அதே வட்டி, அதே தவணை. முதல் தவணை நாளில் கடன் ரூ. 10,80,000. மாதம் சுமார் ரூ. 14,270 கட்ட வேண்டும்.

பாங்கிக்குப் போகாமல் ஊரில் "இரண்டு வட்டி"க்கு வாங்கினால் என்ன ஆகும்? மாதம் நூற்றுக்கு இரண்டு என்பது கேட்கச் சிறிது. ஆண்டுக்கு இருபத்து நான்கு. நான்கு லட்சத்துக்கு அந்த ஐந்தாண்டு வட்டி மட்டும் ரூ. 3,36,000. பெண் முதல் சம்பளம் வாங்குமுன் கடன் ஏழு லட்சத்தைத் தாண்டிவிடும். கந்து வட்டிக்கு வாங்கி நர்ஸ் படிப்பு படிக்க வைப்பது, கையில் இருக்கும் பூமியைத் தவணை முறையில் விற்பதற்குச் சமம்.

இன்னொரு செலவையும் மறந்துவிடுகிறோம். அந்த நான்கு ஆண்டில் பெண் ஒரு ஜவுளிக் கடையில் மாதம் ரூ. 10,000 சம்பாதித்திருந்தால் ரூ. 4,80,000 ஆகியிருக்கும். அதுவும் படிப்புக்காக விட்டுக் கொடுத்த பணம்தான். ஆகவே முதல் குடும்பத்தின் உண்மையான முதலீடு, வட்டி நீங்கலாக, ரூ. 8,80,000.

வரவுக் கணக்கு

வரவில்தான் ஏற்றத் தாழ்வு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது போல் இருக்கிறது.

அரசு ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை கிடைத்தால் கவலை இல்லை. கேரள அரசின் 2019 ஊதியத் திருத்தத்தில் ஸ்டாப் நர்சின் அடிப்படைச் சம்பளம் ரூ. 39,300-இல் தொடங்குகிறது. எய்ம்ஸ் போன்ற மத்திய நிறுவனங்களில் ஏழாவது ஊதியக் குழுவின்படி அடிப்படை ரூ. 44,900. பஞ்சப்படி இதற்குமேல். ஆனால் பி.எஸ்.சி. தேர்வும் தரவரிசைப் பட்டியலும் கடந்து அந்த நாற்காலியில் உட்காருவதற்குள் பல ஆண்டுகள் போகலாம். தமிழ்நாட்டிலும் கதை வேறல்ல. 2015-இல் தேர்வெழுதி அரசு ஆஸ்பத்திரிகளில் ஒப்பந்த முறையில் சேர்ந்த நர்சுகளுக்குத் தொடக்கத்தில் தரப்பட்டது மாதம் ரூ. 7,700. போராடிப் போராடித்தான் அது 14,000 ஆகி, பின்னர் 18,000 ஆயிற்று.

பெரும்பாலோர் முதலில் போய்ச் சேருவது தனியார் ஆஸ்பத்திரியில். அங்கே நிலைமை ஒரு காலத்தில் வெட்கக்கேடாக இருந்தது. கேரள நர்சுகள் 2011-இல் சங்கம் கூட்டினார்கள். 2012-இல் கோதமங்கலத்தில் நூறு நாளைக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் சம்பளம் ரூ. 20,000-க்குக் குறையக் கூடாது என்றும், இருநூறு படுக்கைக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகளில் அரசு நர்சுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 2018 ஏப்ரல் 23-ஆம் தேதி, நர்சுகள் சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடைப்பயணம் புறப்பட இருந்ததற்கு முந்திய நாள், கேரள அரசு குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் ரூ. 20,000 என்று அறிவிக்கை வெளியிட்டது. சங்கம் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு இது பதில்.

அறிவிக்கை வேறு, கையில் வருவது வேறு என்பதும் உண்மை. "பயிற்சி நர்ஸ்" என்று பெயர் வைத்துக் குறைத்துக் கொடுப்பதும், கையெழுத்து ஒரு தொகைக்கும் கவர் ஒரு தொகைக்கும் ஆவதும் இந்தத் தொழிலில் கேள்விப்படாத சங்கதி அல்ல. எல்லையைத் தாண்டினால் கேரள அறிவிக்கை செல்லாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சரி, ரூ. 20,000 முழுதாகவே வருகிறது என்று கொள்வோம். பி.எப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கைக்கு வருவது சுமார் ரூ. 18,050. விடுதியும் சாப்பாடும் ரூ. 6,000. பஸ், கைபேசி, துணிமணிக்கு ரூ. 2,000. மிச்சம் ரூ. 10,050.

முதல் குடும்பத்துப் பெண் இதில் தவணை ரூ. 7,140 கட்டிவிட்டு, ரூ. 2,900 வீட்டுக்கு அனுப்பலாம். கஷ்டம்தான்; ஆனால் கடன் அடையும். இரண்டாவது குடும்பத்துப் பெண்ணுக்கோ தவணையே ரூ. 14,270. மாதந்தோறும் ரூ. 4,200 குறைகிறது. அந்தப் பள்ளத்தை அப்பாவின் கூலிதான் நிரப்ப வேண்டும். மகள் வேலைக்குப் போன பிறகும் அப்பா அவளுக்காகச் சுமை தூக்குகிறார்.

இரண்டு பெண்களும் படித்த படிப்பு ஒன்று. வாங்கும் சம்பளமும் ஒன்று. வித்தியாசம், உள்ளே போன வாசலில்தான்.

முதலீடு எப்போது திரும்பும்? ஜவுளிக் கடைச் சம்பளம் ரூ. 10,000, நர்ஸ் சம்பளம் ரூ. 20,000. அதிகப்படி வருமானம் ஆண்டுக்கு ரூ. 1,20,000. முதல் குடும்பத்தின் ரூ. 8,80,000 திரும்பி வர ஏழு ஆண்டுக்குச் சற்று மேல். சம்பளம் ரூ. 14,000-தான் என்றால் பதினெட்டு ஆண்டு. அரசு வேலை கிடைத்தால் இரண்டரை ஆண்டு. பட்டம் ஒன்றுதான், அதன் விலை வேலையைப் பொறுத்து இப்படி மாறுகிறது.

கடல் கடந்தால்

"வெளிநாடு போனால் எல்லாம் சரியாகிவிடும்" என்பதுதான் இந்தப் பகுதியின் தாரக மந்திரம். அதில் உண்மை உண்டு. இங்கே ஓராண்டில் கிடைப்பது அங்கே சில மாதங்களில் கிடைக்கிறது. ஆனால் அதற்கும் ஒரு செலவுக் கணக்கு உண்டு. பிரிட்டனுக்குப் போக ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வில் மொத்தத்தில் 7 வாங்க வேண்டும். எழுத்துப் பகுதிக்கு மட்டும் 6.5 போதும். ஓ.இ.டி. தேர்வும் எழுதலாம். ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி. வளைகுடா நாடுகளுக்கு அந்தந்த நாட்டு உரிமத் தேர்வு. இவற்றோடு, ஆஸ்பத்திரியில் ஓரிரண்டு ஆண்டு அனுபவமும் பெரும்பாலும் கேட்கிறார்கள். ஆகவே பட்டம் வாங்கிய மறுநாளே விமானம் என்பது கனவு.

ஏமாற்றுக்காரர்களும் இந்த வாசலில்தான் நிற்கிறார்கள். 2015-இல் கொச்சியில் வெடித்த குவைத் நர்ஸ் விவகாரத்தை வாசகர்கள் மறந்திருக்க முடியாது. ரூ. 19,500 வாங்க வேண்டிய இடத்தில் ஆளுக்கு ரூ. 19.5 லட்சம் வசூலித்ததாக ஓர் ஏஜென்சியின் மேல் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. ஒரு சைபர் அல்ல, இரண்டு சைபர் கூடிவிட்டது! அதே 2015-இல், குறிப்பிட்ட பதினெட்டு நாடுகளுக்கு நர்சுகள் அரசு நிறுவனங்கள் மூலமாகத்தான் போக வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. கேரளத்தில் நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக். தமிழ்நாட்டில் அயல்நாட்டு மனிதவள நிறுவனம். ஜெர்மனிக்குப் போகத் தேர்வாகும் நர்சுகளுக்கு நோர்க்கா மூலம் மொழிப் பயிற்சியே இலவசமாகக் கிடைக்கிறது. அதன் அலுவலகம் திருவனந்தபுரம் தைக்காட்டில் இருக்கிறது. நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு பஸ் பயணம்.

2014-இல் ஈராக்கில் திக்ரித் நகரில் சண்டையின் நடுவே அகப்பட்ட 46 நர்சுகள் ஜூலை 5-ஆம் தேதி கொச்சிக்கு மீட்டு வரப்பட்டார்கள். ஏறக்குறைய எல்லோரும் கேரளத்தவர். தூத்துக்குடிப் பெண் ஒருவரும் இருந்தார். உயிர் பிழைத்தால் போதும் என்று நினைக்க வேண்டிய நேரத்திலும், "கடன் அடையவில்லையே, எப்படித் திரும்புவது?" என்று அவர்களில் சிலர் தயங்கியதாக அப்போது செய்திகள் வந்தன. கடன் மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

எல்லைக்கோடு தடுக்கும் இடம்

இனி முன்பு சொன்ன கோட்டுக்கு வருவோம். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ரேஷன் கார்டு உள்ள குடும்பம் கேரளக் குடும்பம். தமிழ் பேசுகிறோம், தமிழ் வழிப் பள்ளியில் படித்தோம் என்பதால் தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீடு கிடைத்துவிடாது. இருப்பிடச் சான்று கேட்பார்கள். சாதிச் சான்றிதழும் அப்படியே. ஒரு மாநிலத்தில் பெற்ற இட ஒதுக்கீட்டு உரிமை மறு மாநிலத்தில் செல்லாது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குத் தமிழ்நாடு 2022 முதல் தரும் மாதம் ரூ. 1,000 அந்த மாநிலப் பள்ளிகளில் படித்தவர்களுக்குத்தான். கேரளத்தில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கு இ-கிராண்ட்ஸ் உதவி இருக்கிறது. அதை விட்டுவிடக் கூடாது.

ஆகவே பிளஸ் டூ படிக்கும்போதே எந்த மாநிலத்துச் சான்றுகள் கைவசம் இருக்கின்றன என்று பார்த்து வைக்க வேண்டும். கடைசி நாளில் வில்லேஜ் ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் ஓடி மெரிட் இடத்தைக் கோட்டை விட்டு, பிறகு ஏஜெண்டின் காலில் விழுகிறார்கள் நம்மவர்கள்.

சேர்க்குமுன் செய்ய வேண்டியவை

முதலாவது, மெரிட் இடத்துக்கு விண்ணப்பிக்காமல் எந்த ஏஜெண்டுக்கும் ஒரு பைசா முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, கல்லூரிக்குப் பல்கலைக்கழக இணைப்பும் நர்சிங் கவுன்சில் அங்கீகாரமும் இந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று நேரில் அல்லது இணையத்தில் பாருங்கள். கேரளத்துக் கல்லூரி என்றால் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பயிற்சி தரும் ஆஸ்பத்திரி எது, அதில் நோயாளிகள் உண்மையில் படுத்திருக்கிறார்களா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மூன்றாவது, நான்கு ஆண்டுக்குமான மொத்தச் செலவையும் கல்லூரியின் தாளில் எழுதி வாங்குங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. நடுவில் படிப்பை விட நேர்ந்தால் சான்றிதழுக்காகப் பணம் கேட்டு அலைய விடுவது இதனால்தான் சட்டத்துக்கு விரோதம்.

நான்காவது, குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ. 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. வருமானச் சான்றுடன் பாங்கியில் கேளுங்கள். நமது முதல் குடும்பத்துக்கு இது கிடைத்தால் தவணை ரூ. 7,140-லிருந்து சுமார் ரூ. 5,290 ஆகக் குறையும். பத்தாண்டில் மிச்சம் இரண்டு லட்சத்துக்கு மேல். மாதிரிக் கடன் திட்டத்தில் நான்கு லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்பதையும் தெரிந்து வையுங்கள். மானேஜர் கையை விரித்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

ஐந்தாவது, பட்டம் ஒன்றே வழி என்று நினைக்க வேண்டாம். மூன்று ஆண்டு ஜி.என்.எம். படித்தவர்களும் கேரள அரசின் ஸ்டாப் நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். பிறகு இரண்டு ஆண்டு படித்துப் பட்டமும் பெறலாம். எய்ம்ஸ் வேலைக்கும் ஆசிரியர் வேலைக்கும் மேற்படிப்புக்கும் பட்டத்துக்கு மதிப்பு அதிகம். கெட்டிக்காரப் பெண்களுக்கு ராணுவ நர்சிங் கல்லூரிகளும் இருக்கின்றன. படிப்புச் செலவை அரசு ஏற்கிறது, நீட் தேர்வு எழுத வேண்டும்.

கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி

எல்லாக் கணக்கும் போட்டு முடிந்தது. நமது முடிவு இதுதான்: மெரிட் இடம், பாங்கிக் கடன், வட்டிச் சலுகை - இந்த மூன்றும் சேர்ந்தால் நர்ஸ் படிப்பு ஏழைக் குடும்பத்துக்கும் நஷ்டமில்லை. மானேஜ்மெண்ட் இடமும் கந்து வட்டியும் சேர்ந்தால், வெளிநாட்டு வேலை என்ற ஒரே ஒரு சீட்டை நம்பி ஆடும் சூதாட்டம். அந்தச் சீட்டு விழவில்லையென்றால் தாங்கும் குடும்பம்தான் அதில் இறங்கலாம்.

ஆனால் காகிதத்தில் அடங்காத ஒரு கேள்வி இருக்கிறது. அதைப் பாங்கி மானேஜரிடமோ ஏஜெண்டிடமோ கேட்டுப் பயனில்லை. இரவு வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, முற்றத்தில் உட்காரும்போது மகளிடம் கேட்க வேண்டும்: "மக்களே, உனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கா? ராத்திரி முழுக்க முழிச்சிருந்து, அடுத்தவன் புண்ணைத் துடைக்க மனசு வருமா?"

அவள் கொஞ்சம் யோசித்துச் சொல்லட்டும். "வரும்ப்பா" என்றால் எல்.பி.எஸ். விண்ணப்பத்தை நிரப்புங்கள். "வராது" என்றால், எட்டு லட்சம் மிச்சம் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்குங்கள். வேறு படிப்பு இல்லாமல் போய்விடவில்லை.